துண்டுக்குள் பிடிக்காத விரல்

வாய்மையை எல்லா அறங்களுக்கும் தாய் என்பர் பெரியோர். கேட்டபோது மெய் உரைத்தல் அதன் முதற்படி. அது அச்சத்தாலும் கைகூடும். தான் கூறியதில் ஒரு கோணல் உண்டென்று தன் நெஞ்சு மட்டும் அறிந்திருக்க, ஊரும் சபையும் அக்கோணலையே நேரென்று ஒப்புக்கொள்ள ஆயத்தமாய் நிற்க, தானே வலியச் சென்று அதை எடுத்துச் சொல்லுதல் கடைசிப் படி. அங்கே ஏறி நிற்பவரைக் காண்பது அரிது. அவ்வாறு நின்ற ஒருவர் தென்காசியில் கைலி வியாபாரம் செய்து வாழ்ந்து வருகிறார். அவர் பெயர் கிதிர் முகம்மது ராவுத்தர்.

பள்ளிவாசலுக்குத் தெற்கே, தறியோசை ஓயாத தெருவில் அவர் வீடு. நெய்வோரிடம் கைலியும் துண்டும் மொத்தமாக எடுத்து, மூட்டை கட்டி, கடையத்துச் சந்தைக்கும் புளியறைக்கும் கொண்டுபோய் விற்பார். மற்ற வியாபாரிகள் வண்டியிலும் பஸ்ஸிலும் போக, இவர் குதிரைமேல் போவார். ராவுத்தர் என்பது குதிரை வீரரைக் குறித்து வந்த பழம்பெயர். பெயரில் மட்டும் குதிரை மிஞ்சிய குடும்பங்கள் பல உண்டு. இவர் கொட்டிலில் குதிரையே இருந்தது. இறைவனே குதிரைச் சேவகனாய்ப் பரிகளை நடத்தி மதுரைக்கு வந்தான் என்று நம்பும் நாடு இது. ஆதலால் குதிரைமேல் வரும் ஒருவரைக் கண்டால், அவர் விற்பது கைலியே ஆயினும், நம் மக்கள் சற்று வழிவிட்டே நிற்பர்.

அக்குதிரையின் பெயர் பிச்சி. உடல் முழுதும் செந்நிறம். நெற்றியில் மட்டும் பிச்சிப்பூ ஒன்றை ஒட்டவைத்தாற்போல் வெள்ளை. மூட்டை விற்றுத் தீர்ந்த நாட்களில் வயற்காட்டு வழியே வீடு திரும்பும்போது, வாய்க்காலையும் வேலிக்கம்பையும் அது சுற்றிப் போனதில்லை, தாண்டியே போயிற்று. தாண்டும் வேளையில் ராவுத்தர் கடிவாளத்தை இழுக்க மாட்டார். பிடரிமயிரில் இரண்டு விரல் வைத்திருப்பார், அவ்வளவே. நாற்று நடும் பெண்கள் குனிந்த முதுகை நிமிர்த்தி அதைப் பார்த்துவிட்டுப் பின்னரே அடுத்த நாற்றுமுடியை எடுப்பர்.

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும், அருவியாட வரும் பெருங்கூட்டத்தோடு தோட்டக்காரர்களும் பெருநிலக்கிழார்களும் தத்தம் குதிரைகளோடு வந்து இறங்குவர். அவர்கள் ஒரு குதிரையேற்றச் சங்கம் வைத்திருந்தனர். இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மைதானத்தில் ஆண்டுதோறும் தடை தாண்டும் பந்தயம் நடத்துவர். பந்தயம் இரண்டு. சனிக்கிழமைப் பந்தயம் வெள்ளிக் கோப்பைக்கு. அதில் அமெச்சூர்கள் மட்டுமே ஓடலாம். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் பணத்துக்கு, அது தொழில்முறையார்க்கு.

அமெச்சூர் என்பவர் கூலி கருதாது விருப்பம் ஒன்றினாலேயே ஒரு கலையைப் பயில்பவர். குதிரையேறியோ, குதிரையைப் பழக்கியோ, பிறர்க்கு ஏற்றம் கற்பித்தோ ஒருவர் ஒருமுறையேனும் கூலி பெற்றிருந்தால், அது காசாயினும் பொருளாயினும், அவர் தொழில்முறையார் ஆவர். கோப்பைப் பந்தயத்தின் வாசல் அவருக்கு அடைபட்டுவிடும். இதுவே சங்கத்தின் விதி. அது வரையில் சங்க உறுப்பினர்களே அமெச்சூர்களாய் ஓடி வந்தனர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு, தகுதியுடைய எவரும் கோப்பைக்கு ஓடலாம் என்று சங்கம் அறிவித்தது.

தென்காசிக் கோயிலின் பிளவுண்டு நிற்கும் கோபுரத்துக்கு எதிரே ஜட்கா வண்டிகள் நிற்கும் இடத்தில் அச்செய்தி வந்து சேர்ந்தது. வேல்சாமி என்னும் ஜட்காக்காரர் தம் தோழர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"நம்மள்ல ஒருத்தனும் தேறமாட்டான்வே. குதிரைவாலப் புடிச்சுக் கஞ்சி குடிக்கிற பயலுவ நாம. நம்மள உள்ள விடுவானா?" என்றவர், மூட்டையோடு அவ்வழியே வந்த ராவுத்தரைக் கண்டு வண்டியிலிருந்து குதித்தார். "மாமா, நில்லும். நீரு கைலி வித்துத் திங்கிற ஆளு. குதிரை உமக்குச் சும்மா வாகனம். உம்ம விட்டா ஊர்ல வேற ஆளில்ல."

மதம் வேறாயினும் அவ்விருவரும் மாமன் மாப்பிள்ளை என்று உறவு சொல்லியே அழைத்துக்கொள்வர். அது அவ்வூர் வழக்கம்.

"எனக்கு என்னத்துக்கு மாப்ள அந்த வம்பு?"

"வம்பா? வருசா வருசம் மைதானத்துல கட்டுன கயித்துக்கு இங்கன நின்னு, அவனுவ தாண்டுறதப் பாத்துக் கைதட்டுதோம். ஒரு வருசமாவது அவனுவ நின்னு நமக்குக் கைதட்டட்டும்."

ராவுத்தர் மூட்டையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். ஆனால் அன்று மாலை பிச்சியின் லாடங்களைக் கழற்றிப் புது லாடம் அடிக்கச் சொன்னார் என்ற செய்தி, லாடக்காரர் வாயிலாக ஊர் முழுதும் பரவிற்று.

பெயர் பதிவு குற்றாலத்தில் சங்கத்துப் பங்களாத் தாழ்வாரத்தில் நடந்தது. காரியதரிசி காந்திமதிநாதன் பிள்ளை. பாளையங்கோட்டையில் நெடுங்காலம் வக்கீல் தொழில் நடத்தி ஓய்ந்தவர். பிரம்பு நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொருவரையும் வாய்விசாரணை செய்தார்.

"ஓய் ராவுத்தரே, குதிரைமேல வச்சுத்தானே வியாபாரம் பண்ணுதீர்?"

"ஆமா ஐயா."

"அப்போ உமக்குக் காசு தாறவன் துணிக்குத் தாறானா, நீர் குதிரையேறி வாறதுக்குத் தாறானா?"

"ஏறி வாறதுக்குத் தாறதா இருந்தா, கைலி சாயம் போகுதுன்னு எதுக்கு ஐயா எங்கிட்ட சண்டைக்கு வருதாவ?"

தாழ்வாரத்தில் இருந்தோர் சிரித்தனர். பிள்ளையும் சிரித்துவிட்டு, எல்லாரிடமும் கேட்ட கேள்வியைக் கேட்டார். "குதிரை பழக்கினதுக்கு, ஏறினதுக்கு, சொல்லிக் குடுத்ததுக்குக் காசோ பொருளோ எப்பவாவது வாங்கினது உண்டா?"

"இல்ல ஐயா" என்றார் ராவுத்தர். அவர் பெயர் பதிவாயிற்று. அன்று மாலையோடு பதிவும் முடிந்தது.

வீட்டில் அவர் மனைவி ஹைருன் பீவி, கூடத்துச் சுவரில் இருந்த மாடக்குழியைத் துடைத்து, அதிலிருந்த வெற்றிலைப்பெட்டியை அப்புறப்படுத்தியிருந்தார்.

"கோப்பை எம்புட்டு உயரம்னு கேட்டியளா?"

"ஓட்டமே இன்னும் ஓடல."

"ஓடுனதுக்கு அப்புறம் இடம் ஒழிக்கவா முடியும்? உயரம் இருந்தா மேல்பலகையையும் எடுக்கணும்லா."

பந்தயத்துக்கு முந்திய நாள் முற்பகல். ராவுத்தர் கொட்டில் வாசலில் அமர்ந்து சேணத்து வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஹைருன் பீவி ஊறவைத்த கொள்ளைப் பிச்சிக்கு வைத்தபடி அதனோடு பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு மக்கள் இல்லை, பேச்செல்லாம் குதிரையோடுதான்.

"ஏட்டி பிச்சி, நாளைக்கு ஒழுங்காத் தாண்டணும், கேட்டியா. நீ ஒண்ணும் சும்மா வந்தவ இல்ல. அந்தக் கடையத்துக் கருங்குதிரை மிதிச்சு அவுக வெலா எலும்பு ஒண்ணு முறிஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்தும் திரும்பிப் படுக்கணும்னா நான் புடிச்சுத் திருப்பணும். அம்புட்டுப் பாட்டுக்கும் கூலியா வந்தவட்டி நீ. எங்க வீட்டு எலும்புக்கு ஈடா வந்தவ."

வாரில் ஏறிய ஊசி அப்படியே நின்றது.

"இப்ப என்ன சொன்னே?"

"நான் குதிரைகிட்டல்லா பேசுதேன். உங்ககிட்ட இல்ல."

கடையத்துக் கதை இதுதான். ஆறு ஆண்டுகளுக்கு முன், கடையத்து நிலக்கிழார் வல்லிநாயகம் ஒரு கருங்குதிரை வாங்கினார். அது எவரையும் முதுகில் ஏற்கவில்லை. துணி விற்கப் போன ராவுத்தர் அதைக் கண்டு, ஒரு மாதம் அவ்வூரிலேயே தங்கிப் பழக்கினார். இடையே ஒருநாள் அது அவரைத் தள்ளி மிதித்தது. விலாவெலும்பு முறிந்தும் அவர் விட்டு வரவில்லை. இறுதியில் அக்குதிரை கோயில் யானைபோல் அடங்கி நின்றது. விடைபெறும்போது வல்லிநாயகம் தம் கொட்டிலில் பிறந்த செந்நிறப் பெண்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் கயிற்றை ராவுத்தர் கையில் கொடுத்தார். கொடுக்குமுன் துண்டு போட்டார்.

இந்தத் துண்டு வழக்கத்தை அறியாதார்க்குச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் குதிரையோ மாடோ கைமாறும்போது விலையை வாயால் பேசுவதில்லை. கொடுப்பவர் கையும் கொள்பவர் கையும் ஒரு துண்டின் அடியில் சேரும். உள்ளே ஒருவர் விரலை மற்றவர் பிடிப்பார்; பிடித்த விரல்களே விலை. மூன்றாமவர் அவ்விலையைக் கேட்பது இழிவு. இருவரில் ஒருவர், மற்றவர் இசைவின்றி, அதை வெளியே சொல்வது அதனினும் இழிவு. துண்டு போட்டு வந்த குதிரையை எவரும் வாங்கிய குதிரை என்றே சொல்வர். 'சும்மா வந்தது' என்று சொல்லப்பட்ட குதிரை கொட்டிலில் தங்காது என்பது நம்பிக்கை. ஆகவே ராவுத்தரும் ஆறு ஆண்டுகளாகக் கேட்டவர்க்கெல்லாம் 'கடையத்தில் வாங்கினேன்' என்றே சொல்லி வந்தார். சொல்லிச் சொல்லி நாவு அதற்கே பழகிற்று; நாவுக்குப் பின்னே நெஞ்சும் பழகிற்று. பிள்ளை கேட்டபோது 'இல்லை' என்று வந்தது அப்பழக்கமே அன்றி வஞ்சகம் அன்று. கூலி என்ற சொல்லை மனைவி வாயால் கேட்டபின்னரே, தாம் ஏறி ஓடவிருந்த குதிரையே தாம் பெற்ற கூலி என்பது அவர் கண்முன் வந்து நின்றது.

வாரை ஆணியில் மாட்டிவிட்டு எழுந்தார்.

"குற்றாலத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாறேன்."

"என்ன வார்த்தை?"

"பிச்சி கூலிக்கு வந்ததுன்னு."

ஹைருன் பீவி கையிலிருந்த கொள்ளைத் தொட்டியில் போட்டார். "நான் குதிரைகிட்ட சொன்னதுக்கா? அது போய் யாருகிட்டயும் சொல்லாது."

"எங்காதுல விழுந்துட்டுதே."

"துண்டு போட்டுத்தானே புடிச்சிட்டு வந்திய. துண்டு போட்டா வாங்கினதுதான். எந்தச் சந்தையில வேணும்னாலும் போய்க் கேளுங்க."

"சந்தை அப்படித்தான் சொல்லும். துண்டுக்குள்ள இருந்தது என் கைல்லா."

"இத்தனை நாளு அந்தக் கை எங்க போச்சாம்?" என்றார் ஹைருன் பீவி. சாரல் விழுந்துகொண்டிருந்தது. ராவுத்தர் பிச்சியின் முதுகை ஒருமுறை தடவிவிட்டு, அதன்மேல் ஏறாமல் நடந்தே புறப்பட்டார். தெருமுனை வரையில் போனவரைக் கூப்பிட்டு நிறுத்தி, மனைவி குடையைக் கொண்டுவந்து நீட்டினார். "உண்மை சொல்லப் போறவுக நனைஞ்சுதான் போவணும்னு கிதாபுல இல்ல."

பங்களாத் தாழ்வாரத்தில் மறுநாள் ஏற்பாடுகளைப் பேசிக்கொண்டிருந்தனர். கோப்பையை வழங்குவதற்கென்று அவ்வாண்டு அழைக்கப்பட்டிருந்தவர் வல்லிநாயகம்; அவரும் அங்கே இருந்தார். ராவுத்தர் குடையை மடக்கித் தூணில் சாய்த்துவிட்டு, நின்றபடியே சொன்னார். "ஐயா, அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் சொன்னது தப்பு. நான் ஏறுற குதிரை, குதிரை பழக்கினதுக்கு வந்தது. இந்த அண்ணாச்சி தந்தது."

காந்திமதிநாதன் பிள்ளை வல்லிநாயகத்தைப் பார்த்தார். "துண்டு போட்டீரா?"

"போட்டேன்."

பிள்ளையின் முகம் தெளிந்தது. "பின்ன என்ன ஓய்? துண்டு போட்டா அது கிரயம். கிரயத்துக்கு வாங்கின குதிரை கூலி ஆகாது. துண்டுக்குள்ள என்ன விலைன்னு கேக்க எனக்கு உரிமையும் இல்ல. நானும் இந்தச் சீமைத் தண்ணி குடிச்சவன், வழக்கம் தெரியும். போயி ஓட்டத்துக்கு ஆயத்தம் பண்ணும்."

"நீங்க கேக்க மாட்டியன்னு எனக்குத் தெரியும் ஐயா. அதுக்காகத்தான் நானே வந்தேன்."

"வேண்டாத வேலைவே இது" என்றார் வல்லிநாயகம். அவர் ராவுத்தரிடம் உண்மையான அன்புடையவர். கோப்பையை இவர் கையில் கொடுக்கலாம் என்ற ஆசையிலேயே கடையத்திலிருந்து வந்திருந்தார். "நான் துண்டு போட்டேன், நீரு புடிச்சிட்டுப் போனீரு. வியாபாரம் அன்னைக்கே முடிஞ்சுது. யாரு வந்து துண்டத் தூக்கிப் பாக்கப் போறான்?"

"அண்ணாச்சி, உங்க அனுமதி இல்லாம துண்டுக்குள்ள நடந்தத நான் சொல்லக் கூடாது. அது முறையில்ல. நீங்களே சொல்லுங்க. எந்த விரலப் புடிச்சோம்?"

ஓட்டு விளிம்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது; அப்பால் பேரருவியின் முழக்கம். வல்லிநாயகம் 'இரண்டு விரல்' என்று சொல்லியிருக்கலாம். 'ஐந்து' என்றும் சொல்லியிருக்கலாம். மறுக்க ஒருவர் இல்லை. விதியும் வழக்கமும் அவர் சொல்லையே நிலைநிறுத்தியிருக்கும்; ராவுத்தரும் மறுநாள் குற்றமின்றிக் களம் இறங்கியிருப்பார். அவர் தம் வலக்கையை மடியில் விரித்துப் பார்த்தார்.

"விரலே புடிக்கல" என்றார் கடைசியில். "ரெண்டு கையாலயும் உம்ம கையப் பொத்திப் புடிச்சேன். எலும்பையே முறிச்சிக்கிட்டீரே, இதுக்கு நான் என்ன தரப்போறேன்னு கேட்டேன்."

"ஆமா. கேட்டிய. பெறவு கயித்தத் தந்திய."

காந்திமதிநாதன் பிள்ளை கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைத்தார். துடைத்த பின்னும் அணியவில்லை.

"உமக்குக் கோப்பைப் பந்தயத்துல இடமில்ல ராவுத்தரே. ஞாயித்துக்கிழமை பணத்துக்கு ஓடலாம்; இப்போ நீர் தொழில்முறை." சற்று நிறுத்தி, மீண்டும் வக்கீல் குரலில் தொடர்ந்தார். "இன்னொண்ணும் விதியில இருக்கு. கூலி வாங்கி மூணு வருசம் ஆனவன், ஊடால ஒண்ணும் வாங்காதவன், கேட்டுக்கிட்டா சங்கம் அவனை மறுபடி அமெச்சூர் ஆக்கலாம். உமக்கு ஆறு வருசம் ஆச்சு. ஆனா பதிவு முடிஞ்சுது. இனி அடுத்த சீசன்தான். அதுவரைக்கும் கைநீட்டி எதுவும் வாங்கிடாதீரும். ஞாயித்துக்கிழமை பணத்துக்கு ஓடினீரோ, மூணு வருசமும் மறுபடி மொதல்லருந்து."

"சரி ஐயா" என்று ராவுத்தர் குடையை எடுத்துக்கொண்டார்.

தென்காசியில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு அருவியைவிடக் குளிர்ச்சியானது. வேல்சாமி வண்டியின் ஏர்க்கால்மேல் சாய்ந்தபடி ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊரே மேளத்துக்கு அச்சாரம் குடுத்து வச்சிருக்கு. நீரு போயி, மாப்பிள்ளை நான் இல்லன்னு சொல்லிட்டு வாறீரு."

"இல்லாதவன் இல்லன்னுதான சொல்லணும் மாப்ள."

"சொல்லும், சொல்லும். நாளைக்குக் கயித்துக்கு இங்கன நல்ல எடமாப் புடிச்சு வைக்கேன். சேந்து நின்னு கைதட்டுவோம்."

அவ்வாறே நின்றனர். சனிக்கிழமை உறுப்பினர்கள் ஓடினர்; ராவுத்தர் கயிற்றுக்கு இப்பால் நின்று பார்த்தார். நன்றாகத் தாண்டிய ஒவ்வொரு குதிரைக்கும் கைதட்டினார். அதைக் கண்டு வேல்சாமிக்கு வந்த கோபம் சொல்லுந்தரமன்று.

அக்கோபம் மாலைக்குள் தணிந்தது. தணிந்ததற்குக் காரணமும் இருந்தது. வேல்சாமியின் குதிரைக்கு இருமல் கண்டு, மறுநாள் பணப்பந்தயத்தில் ஓடப் பெயர் கொடுத்திருந்த அவரிடம் குதிரை இல்லை. தலையைச் சொறிந்தபடி வந்து கொட்டில் வாசலில் நின்றார். ராவுத்தர் பிச்சியை அவிழ்த்துக் கொடுத்தார். வேல்சாமி அதன்மேல் ஏறி முதற்பரிசைப் பெற்றார். பெற்ற பணத்தில் பாதியோடு ஞாயிறு மாலையே வந்தார்.

"இந்தாரும் மாமா. குதிரை உம்மதுல்லா."

"குதிரை என்னது. ஏறுனது நீ. இதுல காலணா எங்கைக்கு வந்தாலும் அடுத்த வருசமும் நான் கயித்துக்கு இங்கனதான்."

"காசு வேண்டாம். பிச்சிக்கு ஒரு சாக்குக் கொள்ளு வாங்கிப் போடுதேன்."

"கொள்ளும் பொருள்தாம்லே."

வேல்சாமி பணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "உம்மளக் கட்டிக்கிட்டு எங்க அக்கா என்ன பாடு படுதாளோ" என்றார். உள்ளேயிருந்து ஹைருன் பீவியின் குரல் வந்தது. "அத இப்பவாவது ஒருத்தன் கேட்டானே."

அந்த ஓராண்டும் ராவுத்தர் ஊருக்கு ஒரு வேடிக்கை ஆனார். டீக்கடையில் எவரேனும் அவருக்கு ஒரு கிளாஸ் சொன்னால், "குடுக்காதீங்கலே, கூலி ஆயிரும்" என்று ஒரு குரல் எழும். குதிரைக்கு வயிற்றுவலி என்று ஜட்காக்காரர் எவரேனும் அழைத்தால் போய்ப் பார்ப்பார். வெற்றிலைகூட வாங்க மாட்டார். ராயகிரியில் உழுதுண்ணும் ஒரு சம்சாரியின் முரட்டுக் குதிரையை, விற்கப் போன இடத்தில், சில நாள் இருந்து பழக்கிக் கொடுத்தார். விடைபெறும்போது அம்மனிதர் நன்றியோடு தோளிலிருந்த துண்டை எடுத்தார். எடுத்த கணமே ராவுத்தர் தம் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டாராம். சம்சாரி சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டார். இச்செய்தி ராவுத்தருக்கு முன்னரே தென்காசி வந்து சேர்ந்தது. வேடிக்கையாகத் தொடங்கியது, எப்போதென்று அறியாவண்ணம், பெருமையாக மாறிவிட்டது. "எங்க ஊர் ராவுத்தர்" என்று வெளியூராரிடம் முதலில் சொல்லத் தொடங்கியவர் வேல்சாமிதான்.

மறு ஆண்டு ஆனியில் சங்கம் கூடி அவரை மீண்டும் அமெச்சூர் என்று ஏற்றது. பதிவு நாளில் காந்திமதிநாதன் பிள்ளை ஒவ்வொருவரையும் வழக்கம்போல் விசாரித்து வந்தார். ராவுத்தரின் முறை வந்ததும் கேள்வி கேளாமலே, "நீர் போகலாம்" என்றார்.

ராவுத்தர் நகரவில்லை. "கேளுங்க ஐயா."

"உம்மகிட்ட எதுக்கு ஓய் கேள்வி?"

"போன வருசம் ஒரு 'இல்ல' சொன்னேன். அது சரியில்லாமப் போச்சு. சரியான ஒண்ணச் சொல்லணும்லா."

பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தார். ஒரு சொல்லும் விடாமல் முழுக் கேள்வியையும் கேட்டார். "குதிரை பழக்கினதுக்கு, ஏறினதுக்கு, சொல்லிக் குடுத்ததுக்குக் காசோ பொருளோ, நாங்க மன்னிச்ச அந்த ஒண்ணு போக, வேற எப்பவாவது வாங்கினது உண்டா?"

"இல்ல ஐயா."

அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்ததாக அருகில் இருந்தோர் கூறுவர்.

பந்தய நாளில் மேற்கே மலை தெரியாதபடி மூடிச் சாரல் அடித்தது, தரை வழுக்கிற்று. பிச்சி தடைகளை வாய்க்கால் தாண்டுவதுபோல் தாண்டி வந்தது. பிடரியில் இரண்டு விரல். கடிவாளம் தளர்ந்தே இருந்தது. கடைசித் தடையில் பின்னங்குளம்பு மேல்கம்பில் பட்டது. கம்பு ஒருமுறை ஆடிற்று, பின் விழுந்துவிட்டது; கம்பு விழுந்தால் புள்ளி குறையும். கோப்பை செங்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவருக்குப் போயிற்று. ராவுத்தர் இரண்டாமவர் ஆனார்.

அவர் குதிரையை நடத்திக்கொண்டு கயிற்றருகே வந்தபோது, எதிர்ப்புறத்தில் உறுப்பினர்கள் இருக்கையிலிருந்து எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தனர். முதலில் எழுந்தவர் காந்திமதிநாதன் பிள்ளை.

"மாமா, கைதட்டுதானுவ" என்றார் வேல்சாமி.

"ஜெயிச்ச பையனுக்குலே."

"அவன் அப்பவே கோப்பையத் தூக்கிட்டுக் கூடாரத்துக்குள்ள போயிட்டான். நல்லாத் திரும்பிப் பாரும்."

ராவுத்தர் திரும்பிப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல், பிச்சியின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார்.

வீட்டில் ஹைருன் பீவி குதிரையின் பின்னங்காலைத் தூக்கிப் பார்த்துக் கீறல் இல்லையென்று அறிந்தபின், "ஒரு கம்புதானட்டி. வெலா எலும்பு இல்லையே" என்று அதற்கு ஆறுதல் சொன்னார். பிறகு உள்ளே போய், ஓராண்டாக வெறுமையாய் வைத்திருந்த மாடக்குழியில் வெற்றிலைப்பெட்டியை மீண்டும் வைத்தார். அது இன்றும் அங்கேயே இருக்கிறது. பிச்சிக்கு வயதாகிவிட்டது, சந்தைக்கு இப்போது அதன் குட்டியே போய் வருகிறது. சாரற்காலம் தோறும் பதிவு நடக்கும் நாளில், எவருடைய தகுதியிலேனும் ஐயம் எழுந்தால் சங்கத்தார் தென்காசிக்கு ஆளனுப்பி ராவுத்தரைக் கேட்கின்றனர். தாம் அறிந்ததைச் சொல்வார்; அறியாததை அறியேன் என்பார். அதற்குமேல் அவர்கள் விசாரிப்பதில்லை. போக வர வண்டிக்கூலி கொடுக்க முன்வருவர். அதை மட்டும் இன்றும் அவர் வாங்குவதில்லை.

எப்பெயரால் அழைப்பினும் செவிசாய்க்கும் இறைவன் அவ்வில்லத்தைக் காத்தருள்க. ஹைருன் பீவியின் அடுப்பும் விளக்கும் அணையாதிருக்க. அத்தெருவில் தறியோசையும் அக்கொட்டிலில் குளம்போசையும் ஓயாதிருக்க. குற்றாலத்துச் சாரல் ஆண்டுதோறும் அவ்வீட்டுக் கூரைமேல் மெல்ல விழுக. அங்கே உண்டு எழுவோர் கை எத்துண்டின் அடியிலும் நாணாது நீள்க. அக்குடி நெடிது வாழ்க.